கம்பி குத்தினால் கொழும்புக்கு ஓடு என்கிறார்கள்

பல்லுக்குப் போட்ட கம்பி கன்னத்தைக் குத்துகிறது என்று சொன்னால் போதும், எல்லோரிடமும் ஒரே பதில் ஆயத்தமாக இருக்கிறது: "வீட்டில கை வைக்காதீங்க, போட்ட டொக்டரிட்டயே காட்டுங்க." பாமசிக்காரர் இதைச் சொல்கிறார். பாடசாலையில் ஆசிரியை சொல்கிறார். கட்டாரில் இருக்கும் மாமா தொலைபேசியில் சொல்கிறார். சொல்கிற முகங்களில் பொறுப்புத் தெரிகிறது, கேட்கிறவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டுப் போகிறார். இவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை பிழை என்பதுதான் என் கட்சி. கொள்ளுப்பிட்டியில் அது சரியாக இருக்கலாம். எத்தாளையில் பிழை.

எத்தாளை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலாவியில் கொழும்பு வீதியை விட்டுப் பிரிந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் கடந்து போகவேண்டும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவில் தென்னையும் வெங்காயப் பாத்திகளும். கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர். பல் சீரமைக்கும் நிபுணர்கள் கொழும்பிலும் பேராதனையிலும் சில பெரிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள், வரிசைதான் நீளம். தனியாரில் சனல் பண்ணினால் நிபுணர் வருகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். கம்பியோ கிளினிக் திகதி பார்த்துக் குத்துவதில்லை. வெள்ளி இரவு, சாப்பாட்டு நேரத்தில், பிள்ளை "ஆ" என்று கன்னத்தைப் பொத்திக்கொள்ளும்போது உம்மாவின் கையில் இருப்பது அந்த ஒற்றை வாக்கியம் மட்டும்தான்: கை வைக்காதே.

அதற்குக் கீழ்ப்படிந்து நடந்தால் என்ன ஆகும்? பஸ் ஏறி, பாலாவியில் மாறி, சிலாபம், நீர்கொழும்பு என்று கொழும்பு போய்ச் சேர அரை நாள். திரும்பி வர மற்ற அரை நாள். பிள்ளைக்கு ஒரு பாடசாலை நாள், கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி. அங்கே நாற்காலியில் உட்கார்த்தி டொக்டர் செய்வதோ, கம்பியின் முனையில் இரண்டு மில்லிமீற்றரை ஒரு குறட்டால் கொறிப்பது. அதற்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடிக்காக ஒரு முழு நாளைக் கேட்கிறவர்கள், பிள்ளை அதுவரை எதை எப்படித் தின்னும் என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

கம்பி ஏன் குத்துகிறது என்று தெரிந்தால் இந்த அறிவுரையின் வேடிக்கை இன்னும் விளங்கும். பற்கள் கோணலாக இருக்கும்போது கம்பி வளைந்து நெளிந்துதான் ஒவ்வொரு பல்லையும் தொட்டுப் போகும். மாதங்கள் செல்லச் செல்லப் பற்கள் நேராகின்றன. இப்போது அதே கம்பி குறுக்கு வழியில் போகிறது. மிஞ்சிய நீளம் எங்கே போகும்? கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயின் பின்பக்கத்தால் வெளியே வரும். அங்கே கன்னத்தின் உட்சதை இருக்கிறது. அது போக, தொடக்கத்தில் போடுகிற கம்பி மெல்லியது, வட்டமானது. பெரும்பாலும் 0.014 அல்லது 0.016 அங்குலம், மில்லிமீற்றரில் சொன்னால் 0.35இலிருந்து 0.4 வரை. சாப்பிடும்போது அது ஒரு பக்கமாக நழுவும். ஒரு கரையில் குழாயை விட்டே கழன்றுபோகும், மறு கரையில் அவ்வளவுக்கு நீளும்.

அந்த உலோகமும் லேசுப்பட்டதல்ல. நிக்கலும் டைட்டேனியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் என்பவரின் கையில் பிறந்த கலவை, 1970களின் தொடக்கத்தில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் ஆண்ட்ரியாசன் வழியாகப் பல் வைத்தியத்துக்குள் வந்தது. வளைத்தால் வளையும், விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். பல்லை மெதுமெதுவாக இழுத்து வருவதும் இந்தக் குணம்தான், மடக்கி விட்ட முனை மறுபடி நிமிர்ந்து குத்துவதும் இதே குணம்தான். டொக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முனையைச் சுவாலையில் காட்டி இளக்கி மடக்குவார்கள், கம்பி நழுவாமல் முன்பல் பக்கம் சின்னத் தடுப்பு ஒன்றை நெரித்து விடுவார்கள். அப்படியும் சில வாய்களில் குத்தத்தான் செய்யும்.

ஆகவே கம்பி குத்துவதை எதிர்பாராத விபத்து என்று யாரும் கதை சொல்ல முடியாது. பல் நகர்கிறது, சிகிச்சை பலிக்கிறது, அதனால் கம்பி நீள்கிறது. கம்பி போட்ட அன்றே நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு இது தெரியும். வருமென்று தெரிந்த ஒன்றுக்கு, வந்த பிறகு ஓடிவா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் அனுப்புவதை எப்படி எச்சரிக்கை என்று அழைப்பது?

"உலகத்திலுள்ள நிபுணர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்" என்பார்கள். இல்லை. அமெரிக்கப் பற்சீரமைப்பு வைத்தியர்களின் சங்கம் நோயாளிகளுக்குத் தருகிற அறிவுரையிலேயே வீட்டு வைத்தியம் படிப்படியாக இருக்கிறது: முனைக்கு மேல் பல் கம்பிக்கென்றே உள்ள மெழுகை வைப்பது. பஞ்சுக் குச்சியாலோ பென்சிலின் அழிறப்பராலோ முனையைப் பல்லோடு சேர்த்து அழுத்துவது. இவை ஒன்றும் சரிவராமல், டொக்டரைப் பார்க்கவும் வழியில்லாமல், வேதனையும் தாங்க முடியாவிட்டால், கடைசியாக, சுத்தப்படுத்திய சிறிய நகவெட்டியால் வெட்டுவது. துண்டு தொண்டைக்குள் போகாமல் துணியையோ டிஷ்யூவையோ வைத்துக்கொள்ளவும் அங்கே சொல்லியிருக்கிறது. நிபுணர்களின் வாயிலிருந்து வந்த இந்தப் படிக்கட்டு, இங்கே வந்து சேரும்போது ஒரே படியாகச் சுருங்கிவிட்டது.

2020ஐ நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் கொரோனாவுக்காக முதன்முதல் ஊரடங்கு விழுந்தது புத்தளம் மாவட்டத்திலும் கொச்சிக்கடைப் பொலிஸ் பிரிவிலும்தான். மார்ச் 18ஆம் திகதி மாலை. நாடு முழுவதற்கும் அது வந்தது இரண்டு நாள் கழித்து. இங்கிலாந்தில் மார்ச் 25ஆம் திகதி வழக்கமான பல் சிகிச்சைகளை நிறுத்தச் சொன்னார்கள், ஜூன் 8ஆம் திகதி வரை கதவுகள் அடைத்திருந்தன. வாயில் கம்பியோடு இலட்சக்கணக்கான பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அப்போது பிரித்தானியப் பற்சீரமைப்புச் சங்கம் "பொறுத்திருங்கள்" என்று கையை விரிக்கவில்லை. வீட்டில் என்ன செய்யலாம், எதைக்கொண்டு செய்யலாம் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. மெழுகு தீர்ந்துபோனவர்களுக்குச் சிலவகைப் பாலாடைக்கட்டியைச் சுற்றி வருகிற சிவப்பு மெழுகும் உதவும் என்ற யோசனைகூட அந்த நாட்களில் உலாவியது. எத்தாளைக் கடையில் அந்தப் பாலாடைக்கட்டியை யார் விற்கப்போகிறார்கள் என்பது வேறு கதை.

அந்த இரண்டரை மாதத்தில் இலண்டன் உம்மாமாருக்குப் புதிதாகக் கைத்திறன் முளைத்துவிடவில்லை. டொக்டரிடம் போக முடியாது என்ற ஒன்றுதான் புதிது. அதைக் கண்டதும் நிபுணர்கள் நம்பிச் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தாளைக்கு டொக்டர் தூரமாக இருப்பது 2020இல் தொடங்கியதல்ல, அந்த ஊரடங்கோடு முடியவும் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசைகளில் இரவைக் கழித்தவர்களிடம் கேளுங்கள், "உடனே கொழும்புக்குக் காட்டுங்க" என்ற வார்த்தைக்கு அப்போது என்ன பெறுமதி இருந்தது என்று.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வெட்டிய துண்டு தொண்டைக்குள் போனால்? பயப்பட வேண்டிய விஷயம்தான். வயிற்றுக்குள் போன சிறு துண்டுகள் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும் என்றாலும், கூரான உலோகம் என்பதால் டொக்டரிடம் சொல்லிவிடுவதே முறை. மூச்சுக்குழாய்க்குள் போனால் அது உயிர்ப் பிரச்சினை. விடாத இருமல், மூச்சு இழுப்பு, விழுங்க முடியாமை என்று எது கண்டாலும் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இந்த ஆபத்து எதற்கு உரியது? வெட்டுவதற்கு உரியது. மெழுகு வைப்பதற்கு இதில் என்ன பங்கு? உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதற்கு? பெரிய கம்பியைப் பல்லோடு கட்டி முறுக்கிவிட்ட மெல்லிய கட்டுக்கம்பியின் நுனியை அழிறப்பரால் உள்ளே தள்ளுவதற்கு? "கை வைக்காதே" என்கிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். ஆபத்தான ஒன்றைக் காட்டி, ஆபத்தே இல்லாத மூன்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

சிகிச்சை கெட்டுவிடும் என்பது அடுத்த பயமுறுத்தல். பல் ஒரு மாதத்தில் நகர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். டொக்டரே நாலு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தரம்தான் பார்க்கிறார். இந்த வேகத்தில் நடக்கிற காரியம், முனையில் ஒட்டிய ஒரு மெழுகு உருண்டையால் மூன்று நாலு நாளில் குலைந்துவிடாது. கம்பி ஒரு பக்கம் குழாயை விட்டுக் கழன்றிருந்தாலும் சில நாள் தாமதத்தால் வீடு இடிந்துவிடாது. கம்பியை முழுவதுமாக இழுத்தெடுப்பது, தானாக வளைப்பது, பல்லில் கம்பியைத் தாங்குகிற பிராக்கெட் கழன்றால் அதைப் பசை போட்டு ஒட்டுவது இவைதான் சிகிச்சையைக் கெடுப்பவை. அவற்றைச் செய் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பேச்சு இருக்கிறது. அதை யாரும் வெளிப்படையாக வாதமாக வைப்பதில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் கேட்கலாம்: "அழகுக்குப் போட்டதுதானே, கொஞ்சம் தாங்கிக்கொள்." எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பல் மேலேறி, கடி பொருந்தாமல், ஈறு தேய்ந்து, துலக்க முடியாமல் இருக்கிற பிள்ளைக்குப் போட்ட கம்பியை அழகு என்று யார் தீர்மானித்தது? அழகுக்கே போட்டிருந்தாலும் கன்னத்தில் ஓட்டை விழுவது அதற்கான கூலியா? இந்தப் பேச்சுக்கு ஆளாவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"ஊர்ச் சனத்துக்கு விட்டால் குறட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். வரத்தான் வருகிறார்கள். கரையோர வீட்டில் குறடு இல்லாத வீடு ஏது? எஞ்சினுக்கும் வலைக்கும் பாவிக்கிற, உப்புக்காற்றில் துருப்பிடித்த குறடு. நகவெட்டியைக் கழுவாமல் வாய்க்குள் விட்டவர்களும் உண்டு. புண்ணில் கராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றி மெல்லிய சதையைப் பொசுக்கியவர்களும், வலி மாத்திரையைப் பொடித்துப் புண்ணுக்கு மேலேயே வைத்து இன்னும் எரித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் இவர்களுக்கு யாராவது சரியான முறையைச் சொல்லிக்கொடுத்து, அதை மீறியா இதைச் செய்தார்கள்? சொன்னதெல்லாம் கை வைக்காதே என்பதுதான். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை அழுதால், அந்தத் தடை எந்தப் பெற்றோரின் கையையும் கட்டிப்போடாது. தெரியாத கையாக அதை வாய்க்குள் அனுப்பும், அவ்வளவுதான்.

சரியான முறையில் அப்படி என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று பார்ப்போம். தொலைபேசியின் டோர்ச் வெளிச்சம் போதும். பிள்ளை கதிரையில் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. முதலில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கட்டும். ஒரு விரலால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால், கடைசிப் பல்லின் குழாய்க்குப் பின்னால் மினுங்குகிற முனை தெரியும். அதற்கு நேரே கன்னத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு புண், சுற்றிவர சிவப்பு. இனித்தான் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம். ஈரத்தில் மெழுகு பிடிக்காது. சுத்தமான துணியாலோ பஞ்சாலோ அந்தப் பல்லையும் முனையையும் நன்றாக ஒற்றியெடுத்துக் காயவைக்க வேண்டும். கழுவிய விரல்களுக்கிடையில் மெழுகைப் பயறளவு உருட்டி, அது இளகி வந்ததும் முனைக்கு மேல் வைத்து, பல்லோடும் குழாயோடும் சேர்த்து அழுத்திவிட வேண்டும். சாப்பிடும்போது விழுந்தால் மறுபடி வைக்கலாம். தவறி விழுங்கினாலும் கேடில்லை. மெழுகு இல்லாவிட்டால் சீனி சேர்க்காத சூயிங்கம் ஒரு துண்டை மென்று தற்காலிகமாக ஒட்டலாம். மெழுகுதிரி வேண்டாம், அது பொடிந்து உதிரும், நிறமும் வாசனையும் சேர்த்த மெழுகுதிரி வாய்க்கு ஆகவே ஆகாது.

புண்ணுக்கு, ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளிக்க. உப்பளத்துக்குப் பேர்போன புத்தளத்தில் இதற்கு என்ன பஞ்சம்? 2025இல் நாடு முழுக்க உப்பைத் தேடி அலைந்த அந்தச் சில கிழமைகளை விட்டுவிடுவோம். குத்துவது நின்றுவிட்டால் புண் ஒன்றிரண்டு கிழமையில் ஆறிவிடும். மூன்று கிழமை போயும் ஆறாத புண்ணைக் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும், கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, முனை சதைக்குள் புதைந்து இழுபட்டாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி என் நிலைப்பாடு இறுக்கமானது. மெழுகு நிற்கவில்லை, தொலைபேசியில் கேட்டாயிற்று, கிளினிக் பல நாள் தள்ளி இருக்கிறது, பிள்ளை பெரிய பிள்ளை, அசையாமல் இருக்கும், முனை கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்ற எல்லாம் பொருந்தினால் மட்டும், தலையை முன்னுக்குக் குனியவைத்து, பின்னால் துணியைக் கொடுத்து, வெட்டலாம். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். தடித்த சதுரக் கம்பி என்றால் முயலவே வேண்டாம், நகவெட்டி தோற்றுப்போகும், முனை இன்னும் கூராகும். எந்தக் கம்பி எது என்று ஒரு உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதைத்தான் நானும் கேட்கிறேன். டொக்டர் ஏன் சொல்லவில்லை?

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வழியை யாரும் பேசுவதில்லை. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். பற்சீரமைப்பு நிபுணராக இல்லாத பல் வைத்தியரும் நீண்டுவிட்ட முனையை வெட்டிவிடலாம். வெட்டிய துண்டைத் தன் வாயிலேயே பிடித்துக்கொள்கிற குறடு அதற்கென்றே இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பல இடங்களில் கிடைக்கிற பதில், "நாங்க போட்ட கம்பி இல்ல, போட்ட இடத்துக்கே போங்க." இன்னொருவரின் சிகிச்சையில் தலையிடக் கூடாது என்ற தயக்கம் புரிகிறது. மிச்சமாக வெளியே நிற்கிற இரண்டு மில்லிமீற்றரை எடுப்பதால் யாருடைய சிகிச்சைத் திட்டமும் மாறாது. "அவசரத்துக்கு முனையை மட்டும் வெட்டிவிடவும்" என்று நிபுணர் கிளினிக் அட்டையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தத் தயக்கமும் போய்விடும்.

இதே சுகாதாரத் துறைதான் நீரிழிவுள்ள பிள்ளையின் உம்மாவுக்கு இன்சுலின் ஊசி போடப் பழக்குகிறது. அளவு பிசகினால் உயிருக்கே ஆபத்தான மருந்து. கிளினிக்கில் உட்காரவைத்து, எங்கே குத்துவது, எவ்வளவு இழுப்பது, சீனி இறங்கினால் என்ன கொடுப்பது என்று காட்டி, ஊசியையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். எழுத வாசிக்கத் தடுமாறுகிற பெண்களும் அதைப் பிசகாமல் செய்கிறார்கள். அந்தக் கைகளிடம் ஊசியைக் கொடுக்கலாம், பயறளவு மெழுகைக் கொடுக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கம்பி போடுகிற அன்றே இரண்டு பெட்டி மெழுகு. ஒரு தாளில் தமிழில் விளக்கம், படத்தோடு. வாய்க்குள் எடுத்த படத்தை அனுப்பிக் கேட்க ஒரு வட்ஸப் இலக்கம், பதில் சொல்ல ஒரு ஆள். வீட்டுக்கு அனுப்புமுன் கூட வந்த உம்மாவையோ வாப்பாவையோ ஒரு தரம் தன் கையாலேயே பல்லைத் துடைத்து மெழுகை வைக்கச் சொல்லிப் பார்ப்பது. கிளினிக்கில் கூட்டம் அதிகம், இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். எத்தாளையிலிருந்து வருகிறவர்கள் விடிய முன் பஸ் ஏறியவர்கள், பத்து நிமிடம் இருந்து பழகிவிட்டுப் போவதற்கு அவர்களிடம் நேரம் இருக்கிறது.